மெரினா என்பவள் யார்?

எண்ணூரை அடுத்த முகத்துவாரக்குப்பத்திற்கு அப்பெயர் எவ்வாறு வந்தது என்று அவ்வூர்ச் சிறுவனைக் கேட்டாலும் சொல்லிவிடுவான். கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தின் அருகே அமைந்த குப்பம் அது. ஆனால் அதே கரையில், தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ‘மெரினா’வின் பொருளைக் கேட்டால் படித்தவர்களும் சற்றுத் தயங்குவர். அது இத்தாலியில் பெண்களுக்கு இடும் பெயர் என்பதை நீங்கள் அறிவீர்களா? இத்தாலியர் அதை ‘மரீனா’ என நீட்டிச் சொல்வர்.

இலத்தீனில் ‘மாரே’ என்றால் கடல். ‘மரீனுஸ்’ என்றால் கடலுக்குரியது. ஆகவே மரீனா ‘கடலுக்குரியவள்’ என்றே பலரும் பொருள் கொள்கின்றனர். பெயராய்வாளர் கூறுவதோ வேறு. பண்டைய உரோமரிடையே ‘மாரியுஸ்’ என்றொரு குடிப்பெயர் இருந்தது. அதிலிருந்து மரீனுஸ் என்ற ஆண்பெயரும், அதன் பெண்பாலாக மரீனாவும் பிறந்தன என்பர். ஒலி ஒத்திருந்ததால் கடல் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டது! மரீனுஸ் என்ற புனிதரின் பெயரைத் தாங்கிய சான் மரினோ நாட்டைப் பாருங்கள். அதற்குக் கடற்கரையே கிடையாது.

மரீனா இத்தாலிய மொழியில் பொதுச்சொல்லாகவும் வழங்குகிறது. அப்போது அதன் பொருள் கடற்கரை. சலவைக்கல்லுக்குப் புகழ்பெற்ற கராரா நகரம் மலையடிவாரத்தில் உள்ளது. அதற்குரிய கடலோரக் குடியிருப்பு ‘மரீனா தி கராரா’. நம் வழக்கில் கராராக் குப்பம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! சென்னை மாகாண ஆளுநர் கிராண்ட் டஃப், தாம் அமைத்த கடலோர உலாவுமிடத்திற்குச் சிசிலித் தீவின் நினைவாக 1884-இல் சூட்டியதும் இச்சொல்லைத்தான். நம் மெரினாவுக்குப் பின்னால் எந்தப் பெண்ணும் இல்லை.

அவர் பெயரிட்டபோது அக்கரை இன்றுள்ள அகலம் உடையதன்று. அதை அகலமாக்கியது துறைமுகம். ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து சாய்வாக வந்து மோதும் அலைகள் கரையோர மணலை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றின்போது திசை மாறினாலும், கூட்டிக் கழித்துப் பார்த்தால் மணலின் பயணம் வடக்கு நோக்கியே. 1876-இல் கட்டத் தொடங்கிய துறைமுகச் சுவர்கள் இப்பயணத்தை மறித்தன. மணல் தென்புறத்தில் தேங்கியது. மெரினா ஆண்டுதோறும் அகன்றது.

வடபுறத்தில் நிகழ்ந்தது என்ன? அலைகள் வழக்கம்போல் மணலை அள்ளிச் சென்றன. ஈடுசெய்யத் தெற்கிலிருந்து மணல் வரவில்லை. இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் நிலத்தை அரித்தது. மீனவர் குப்பங்களில் வீடுகளும் தெருக்களும் கடலுக்குள் போயின. மெரினாவில் நாம் மிதிக்கும் மணலில் பெரும்பகுதி இக்குப்பங்களுக்குச் சேர வேண்டியது என்றே நான் சொல்வேன். படகை இழுத்து ஏற்றவும், வலையை உலர்த்தவும் மணல்வெளி வேண்டும். அங்கோ, கடலைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களே நெடுகிலும் கிடக்கின்றன.