உழைப்பின் கடுமையை அளப்பது எப்படி? தென்காசித் தொழிலாளர்களுக்கான அளவுகோல்கள்

கூலி வழக்குகளில் உழைப்பின் கடுமை பெரும்பாலும் பெயரடையாகவே நின்றுவிடுகிறது. மனுவில் 'கடினமான வேலை' என எழுதுகிறோம்; எதிர்த்தரப்பு மறுக்கிறது; அவ்வளவே. அதை எண்ணாக மாற்றும் முறைகள் உள்ளன. ஆனால் வேலைக்குப் பொருந்தாத அளவுகோலை எடுத்தால், இருக்கும் வலியும் கணக்கிலிருந்து மறைந்துவிடும்.

இந்தியக் கூலிக் கணக்கில் தொழிலாளியின் உடல் கலோரி வழியாகவே நுழைந்தது. 1957இல் 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, டாக்டர் அய்க்ராய்டின் கணக்கை ஏற்று, நடுத்தர உழைப்புடையவருக்கு 2,700 கலோரி என வகுத்தது. 1991இல் ரெப்டகோஸ் பிரெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் கல்வி, மருத்துவம், முதுமை முதலியவற்றுக்காக 25 விழுக்காடு சேர்த்தது. கலோரி அடிப்படை அப்படியே நின்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2010ஆம் ஆண்டுப் பரிந்துரையோ, கடும் உழைப்பு செய்யும் ஆணுக்கு 3,490 கலோரி என்கிறது. சூளையில் கல் சுமப்பவரின் கணக்கில் 790 கலோரி துண்டு விழுகிறது.

குற்றாலத்தில் சாரல் காலத்தில் கூட்டம் பெருகும்போது தூய்மைப் பணியாளரின் சுமையும் பெருகுகிறது. சாதி இன்றும் தீர்மானிக்கும் வேலை இது. இங்கே நாடித்துடிப்பே ஏற்ற அளவுகோல். வேலை நேரத் துடிப்பிலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழிக்க வேண்டும். உச்சத் துடிப்பிலிருந்தும் அதேபோல் கழித்து, முதல் விடையை இரண்டாவதால் வகுக்க வேண்டும். 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு தோராயமாகக் கிடைக்கும். நாற்பது வயதுப் பெண்ணின் ஓய்வுத் துடிப்பு 70, வேலைத் துடிப்பு 120 என்று கொள்வோம்: 50ஐ 110ஆல் வகுத்தால் 45 விழுக்காடு. எட்டு மணி நேர வேலைக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே தாங்கத்தக்க எல்லையாகக் கொள்ளப்படுகிறது. கைக்கடிகாரம் ஒன்றே இதற்குப் போதும். காய்ச்சல், தேநீர், இரத்த அழுத்த மாத்திரை ஆகியவை துடிப்பை மாற்றும் என்பதால் அவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். கூடவே, சுவீடன் உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த 6 முதல் 20 வரையிலான அளவுகோலில், வேலை எவ்வளவு கடினமாகத் தோன்றுகிறது என்று பணியாளரையே கேட்கலாம். அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் துடிப்புக்கு அருகே வரும் வகையில் அமைந்த அளவுகோல் அது.

வெப்ப அழுத்தத்தை அளக்கும் ஈரக்குமிழ் கோள வெப்பநிலை, கோடையின் செங்கல் சூளைக்கும் நடவு வயலுக்கும் உதவும். குளிர்ந்த சாரலில் நனைந்தபடி குப்பை தூக்குபவரைப் பற்றி அது எதையும் சொல்லாது.

கடையநல்லூர், ஆலங்குளம், கீழப்பாவூர் வட்டாரப் பீடித் தொழிலாளர் நிலை வேறு. தலித், இஸ்லாமிய, பிற்படுத்தப்பட்ட சமூகப் பெண்கள் மடியில் பீடித்தட்டுடன் மணிக்கணக்கில் குனிந்திருக்கிறார்கள். கலோரிக் கணக்கில் இது 'உட்கார்ந்த வேலை'. நாடியும் பெரிதாக உயராது. ஆனால் கழுத்தும் இடுப்பும் விரல்களும் ஓய்வின்றி இயங்குகின்றன. இதற்கு 1987இல் வெளிவந்த நார்டிக் வினாநிரல் ஏற்றது. உடலின் ஒன்பது பகுதிகளில், கடந்த 12 மாதங்களிலும் 7 நாட்களிலும் வலி இருந்ததா, வேலை தடைப்பட்டதா என்று அது கேட்கிறது. 1993இல் மெக்அடாம்னியும் கார்லெட்டும் உருவாக்கிய 'ரூலா' முறை, கை, கழுத்து, முதுகின் நிலையைப் பார்த்து 1 முதல் 7 வரை மதிப்பெண் தருகிறது. 7 என்றால் உடனடி மாற்றம் தேவை. பக்கவாட்டில் எடுத்த ஒரு புகைப்படத்தைக் கொண்டே மதிப்பிடலாம். அதனால் கல்லூரி மாணவர்களும் இதைப் பழகிக்கொள்ளலாம். ஆயிரம் பீடிக்கு இன்ன கூலி என்னும் துண்டுக்கூலி முறை இந்த வலியை ஒருபோதும் பார்ப்பதில்லை என்பதால், கூலி உயர்வுக் கோரிக்கையோடு இத்தாள்களையும் இணைக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இவை மருத்துவச் சான்றுக்கு மாற்றல்ல. ஆயினும் தேதி, நேரம், வேலையின் பெயர், அளந்தவர் கையொப்பம் ஆகியவற்றோடு பல நாட்கள் தொடர்ந்து பதிந்தால் அவற்றுக்கு எடை உண்டு. தொழிலாளியின் உடல்நலம் அரசமைப்பின் 21ஆம் பிரிவின் உரிமையே என 1995இல் நுகர்வோர் கல்வி, ஆராய்ச்சி மைய வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. துடிப்பு உயர்ந்தவரைத் 'தகுதியற்றவர்' என்று ஒப்பந்ததாரர் நீக்கிவிடக்கூடும். ஆகவே ஒப்புதல் பெற்ற பின்னரே அளக்க வேண்டும்; தாளில் பெயருக்குப் பதில் எண் இருக்கட்டும்; எண்ணுக்கும் பெயருக்குமான பட்டியல் சங்கத்திடம் மட்டுமே இருக்கட்டும்.