அக்கா மகளும் 1907ஆம் ஆண்டுச் சட்டமும்

என் அப்பாயி தன் தாய்மாமனைக் கட்டியவர். பரிசம் போட்டு, கூரைச்சேலை எடுத்து, ரங்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் கோயிலில் தாலி ஏறிய கல்யாணம். கடைசிவரை தாத்தாவை ‘மாமா’ என்றேதான் கூப்பிட்டார். லயத்தில் யாரும் இதைப் புதினமாகப் பார்க்கவில்லை. அக்கா மகள் மாமனுக்கு உரிமைப்பெண். அரசாங்கத்தின் கண்ணில் மட்டும் அது கல்யாணமே இல்லை.

1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம், உடன்பிறந்தாளின் மகளை மணப்பதைச் செல்லாததாக்கியது. அப்படிச் சேர்ந்து வாழ்ந்தால் ஒரு வருடம்வரை சிறை என்றும் எழுதியது. அத்தை மகளையும் மாமன் மகளையும் அது தொடவில்லை. அந்த முறை தும்பறைச் சிங்களவருக்கும் மலையகத் தமிழரான எங்களுக்கும் பொது. மாமன் கல்யாணம் எங்களுடையது மட்டும். யாழ்ப்பாணத்தாரிடமும் அது வழக்கமில்லை.

மற்றவர்களின் வழக்கங்களுக்குச் சட்டம் இடம் கொடுத்தது. தெல்தெனியவுக்குப் பக்கத்தில், மெதமகாநுவரவில்தான் 1815 பெப்ரவரியில் கண்டியின் கடைசி அரசன் பிடிபட்டான். அடுத்த மாதமே கண்டியரின் சட்டங்களைக் காப்போமென்று ஆங்கிலேயர் ஒப்பந்தம் எழுதினார்கள். சகோதரர் பலர் ஒருத்தியை மணக்கும் வழக்கத்தை 1859இல் ஒழித்தபோதுகூட, கண்டிப் பிரதானிகளே முந்திய வருடம் மனுக் கொடுத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்தாருக்குத் தேசவழமை இருந்தது, முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம் இருந்தது. கோப்பிக்கும் தேயிலைக்கும் வந்த எங்கள் சனத்தின் வழக்கத்தை மட்டும் எந்தச் சட்டமும் ஏற்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம், இதே உறவைத் தடைசெய்துவிட்டு, வழக்கம் உள்ளவர்களுக்கு விலக்கும் கொடுத்தது. திருச்சியில் செல்லும் கல்யாணம் தெல்தெனியவில் குற்றம்.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காலத்தில், பிள்ளை சேர்க்க வரும் தாய்மார் நீட்டும் பிறப்புச் சான்றிதழை வாங்கிப் பதிவது என் வேலை. ‘பெற்றோர் விவாகம் செய்தவர்களா?’ என்று அதில் ஒரு கூடு இருந்தது. மாமனைக் கட்டியவளின் பிள்ளைக்கு அதில் ‘இல்லை’ என்று இருக்கும். சில தாய்மார் அந்த இடத்தைப் பெருவிரலால் மறைத்தபடியே கொடுப்பார்கள். வெட்கத்தோடு போய்விடும் காரியமுமில்லை. 1876ஆம் ஆண்டுச் சட்டப்படி, விவாகமில்லாமல் பிறந்த பிள்ளைக்குத் தாய் சொத்தில்தான் உரிமை. உயில் எழுதாமல் செத்த தகப்பன் சொத்தில் இல்லை.

மாமன் கல்யாணம் திரும்பி வரவேண்டுமென்று நான் கேட்கவில்லை. மாமனும் மருமகளும் மரபணுவில் காற்பங்கு ஒன்று. மச்சானும் மச்சாளும் அரைக்காற்பங்கு. பரம்பரை நோய் பிள்ளைக்கு இறங்கும் ஆபத்து அந்தக் கணக்கில் கூடுகிறது. வயதில் மூத்த மாமனுக்கு ‘மாட்டேன்’ என்று சொல்ல எத்தனை பெண்களால் முடிந்தது? இந்தத் தடை சரியானது, இருக்கட்டும்.

ஆனால் தண்டனை பிள்ளையின் தலையில் விடியக்கூடாது. பெற்றவர்களின் கல்யாணம் செல்லாது போனாலும் தகப்பன் சொத்தில் பிள்ளைக்குப் பங்குண்டு என்று இந்திய நாடாளுமன்றம் 1976இலேயே திருத்தம் செய்துவிட்டது. மலையகத்தின் பெயரால் பாராளுமன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அப்படியொரு திருத்தத்தையாவது கொண்டுவர வேண்டும்.