மண்ணுக்கடியில் பூக்கும் ஆர்க்கிட்

ஆர்க்கிட் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கல்யாண மேடையில் வைக்கும் ஊதா நிறப் பூ. இன்னும் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு, மழைக்காட்டு மரக்கிளையில் வேர்களைத் தொங்கவிட்டபடி நிற்கும் செடி. உலகில் 25,000-க்கும் மேற்பட்ட ஆர்க்கிட் இனங்கள் உள்ளன. அவற்றில் பாதிக்கும் மேல் மரத்தில் தொற்றி வளர்பவை. ஆனால் மரத்தின் சத்தை இவை உறிஞ்சுவதில்லை. மழைநீர், காற்றின் ஈரம், பட்டையில் சேரும் மக்கு, இவையே அவற்றுக்குப் போதும். மற்றவை தரையிலும் பாறையிலும் வளர்கின்றன.

இலையே இல்லாமல், வெயிலையே பார்க்காமல், பூவைக்கூட மண்ணுக்குள்ளேயே மலர்த்தும் ஆர்க்கிட்டும் ஒன்று உண்டு என்றால் நம்ப முடிகிறதா?

அதன் சொந்த இடம் மேற்கு ஆஸ்திரேலியா. பெர்த் நகருக்குக் கிழக்கே பரந்து கிடக்கும் கோதுமை வட்டாரத்தில் கோரிகின் என்று ஒரு சிறு ஊர். 1928-ல் அங்கே ஜாக் டிராட் என்பவர் தன் நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது மண்ணுக்குள் ஒரு விசித்திரமான பூ கண்ணில் பட்டது. அதே ஆண்டில் தாவரவியலாளர் ஆர்.எஸ். ரோஜர்ஸ் அதைப் புதிய இனம் என்று அறிவித்தார். அவர் வைத்த பெயர் ரைசாந்தெல்லா கார்ட்னரி. முதல் பகுதி 'வேர்', 'பூ' என்ற கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. இரண்டாவது, சார்லஸ் கார்ட்னர் என்ற தாவரவியலாளரின் பெயர்.

செடி என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றுமில்லை. மண்ணுக்கடியில் வெள்ளையான, சதைப்பற்றுள்ள ஒரு கிழங்குத் தண்டு, அவ்வளவுதான். குளிர்காலம் நெருங்கும்போது அதன் நுனியில் ஒரு பூக்கொத்து உருவாகும். துலிப் பூ போல வெளியே வெளிர் நிற மடல்கள், உள்ளே நெருக்கமாகக் கருஞ்சிவப்பில் சின்னஞ்சிறு பூக்கள். ஒரே கொத்தில் 100 பூக்கள் வரைகூட இருக்கும்! மடல்கள் விரியும்போது மேலே மண்ணில் லேசான விரிசல் விழும். வெளியுலகுக்குத் தெரியும் அடையாளம் அது மட்டுமே. கறையானும் சிறு பூச்சிகளும் மகரந்தத்தைக் கொண்டுபோகின்றன.

பச்சையம் இல்லாத செடிக்கு உணவு எப்படிக் கிடைக்கிறது? பக்கத்தில் வளரும் மெலலூகா என்ற புதர்தான் அதற்குப் படியளக்கிறது. நேரடியாக அல்ல, நடுவில் ஒரு பூஞ்சை இருக்கிறது. அது புதரின் வேரையும் ஆர்க்கிட்டையும் இணைக்கிறது. புதர் வெயிலில் சமைத்த கார்பன் இந்தப் பூஞ்சை வழியாக ஆர்க்கிட்டுக்குப் போய்ச் சேருவதை 2010-ல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது. ஆக புதர், பூஞ்சை, ஆர்க்கிட் மூன்றும் ஒரே சங்கிலி. ஒரு கண்ணி அறுந்தாலும் ஆர்க்கிட் பிழைக்காது.

வரலாறு அறுத்தது இந்தச் சங்கிலியைத்தான். இருபதாம் நூற்றாண்டில் அந்த வட்டாரத்தின் புதர்க்காடுகளில் பெரும்பகுதி கோதுமைக்காக வெட்டி உழப்பட்டது. அடுத்த சில பத்தாண்டுகளில் கிடைத்த ஒன்றிரண்டு செடிகளும் பெரும்பாலும் இப்படி நிலத்தைத் திருத்தியபோது தற்செயலாக வெளிவந்தவையே. அதாவது, இந்தப் பூவைக் காட்டிக்கொடுத்த கலப்பையே அதன் வீட்டையும் இடித்தது. கோதுமைக்குச் சந்தையில் விலை இருந்தது, புதருக்கு விலை இல்லை. புதரின் வேரில் என்ன தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அன்று யாருக்கும் தெரியாது.

1950-களுக்குப் பிறகு அதைக் கண்டவர் இல்லை. 1979-ல் தெற்கே முங்லினப் பகுதியில் நிலத்தடி ஆர்க்கிட் மறுபடி கிடைத்தது. அதன்பின் விஞ்ஞானிகளும் தன்னார்வலர்களும் புதர்களின் அடியில் மண்ணை மெல்ல விலக்கித் தேடத் தொடங்கினார்கள். கோரிகின் பக்கத்திலும் சில செடிகள் கிடைத்தன. தெற்கே கிடைத்தது தனி இனம் என்று 2018-ல் பிரித்து, ரைசாந்தெல்லா ஜான்ஸ்டோனி என்று பெயர் வைத்தார்கள்.

2011-ல் இந்த நிலத்தடி ஆர்க்கிட்டில் காட்டில் அறியப்பட்டிருந்தவை 50 செடிகளுக்கும் குறைவு. அழியும் நிலையில் உள்ள இனமாக அதைச் சட்டம் பாதுகாக்கிறது. ஆனால் பூவுக்கு மட்டும் வேலி போட்டுப் பயனில்லை. புதரும், பூஞ்சையும், மண்ணின் ஈரமும் சேர்ந்து பிழைத்தால்தான் அது பிழைக்கும். எஞ்சிய புதர்க்காடுகள் வறட்சியில் வாடுவதுதான் இப்போதைய பெரிய கவலை.

ஒரு நிலத்தைப் 'பயனற்ற புதர்' என்று கணக்கெழுதும் முன் அதன் அடியில் என்ன பூத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கோரிகின் பூ சொல்லும் பாடம் இதுதான்.