வட்டுக் கைகளின் கணக்கு: பெருந்தரவுத்தளங்களுக்கான சேமிப்பக அமைப்பின் வரலாறு (1956–2007)

முன்னுரை

வன்வட்டின் வரலாறு பெரும்பாலும் கொள்ளளவின் வளர்ச்சியாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எத்தனை எழுத்துகள் அடங்கின, ஓர் எழுத்தைச் சேமிக்க ஆகும் செலவு எவ்வளவு குறைந்தது என்பனவே அவ்வரலாற்றின் அளவைகள். பெருந்தரவுத்தளம் ஒன்றின் செயல்வேகத்தை விளக்க இவை போதா. தரவைத் தேடி வட்டின்மீது நகரும் கை ஒரு நொடியில் எத்தனை முறை தரவை அணுக முடியும் என்பதே அங்கு முடிவு செய்யும் எண். வழங்கிகளின் சேமிப்பகத்தை எவ்வாறு அமைப்பது என்னும் விவாதம் அரை நூற்றாண்டாக இவ்வெண்ணைச் சுற்றியே நிகழ்ந்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

கொள்ளளவும் அணுகலும்

1956 செப்டம்பரில் ஐபிஎம் நிறுவனம் அறிவித்த 305 ராமாக் கணினியின் 350 வட்டுச் சேமிப்பகம், கலிபோர்னியாவின் சான் ஓசே ஆய்வகத்தில் ரெனால்ட் ஜான்சன் தலைமையில் உருவானது. 24 அங்குல விட்டமுடைய 50 வட்டுகள் ஒரே அச்சில் சுழன்றன. அவற்றில் 50 இலட்சம் எழுத்துகள் அடங்கின. எழுத்துக்கு 6 பிட் என்பதால் இன்றைய கணக்கில் இது 3.75 மெகாபைட். ஆயினும் ஐம்பது வட்டுகளுக்கும் சேர்த்துக் கை ஒன்றே. அது மேலும் கீழும் ஏறி இறங்கி, உரிய வட்டை அடைந்து, அதனூடே நுழைந்து படித்தது. ஓர் அணுகலுக்குச் சராசரியாக 0.6 நொடி ஆயிற்று. நொடிக்கு இரண்டு அணுகல்கூட இல்லை.

2005ஆம் ஆண்டையொட்டி வழங்கிகளில் பயன்பட்ட, நிமிடத்துக்கு 15,000 முறை சுழலும் 146 கிகாபைட் வட்டை இதனுடன் ஒப்பிடலாம். கை நகர்வுக்கும் சுழற்சிக்கும் சேர்த்து அதற்கு ஏறத்தாழ 5.5 மில்லிநொடி பிடித்தது. அதாவது நொடிக்குச் சுமார் 180 அணுகல். கொள்ளளவு 39,000 மடங்கு பெருகிய காலத்தில் அணுகல் நூறு மடங்குக்குச் சற்று மேலாகவே உயர்ந்தது. எனவே, ஒரு மெகாபைட்டுக்குக் கிடைக்கும் அணுகல் ஏறத்தாழ 360இல் ஒரு பங்காகச் சுருங்கியது. வட்டு மலிந்த காலத்தில் தரவுத்தளங்கள் மெதுவாக இயங்கியதாக எழுந்த முறையீடுகளில் வியப்பில்லை.

ராமாக் பிறந்த அதே சான் ஓசேயிலிருந்துதான் 1970இல் எட்கர் காட் தம் உறவுமுறைத் தரவுத்தளக் கோட்பாட்டை முன்வைத்தார். தரவு எங்கே, எவ்வாறு வைக்கப்பட்டுள்ளது என்பதைப் பயனர் அறிய வேண்டுவதில்லை என்பது அதன் அடிப்படைகளுள் ஒன்று. பயனரை விட்டு நீங்கிய அச்சுமை மறைந்துவிடவில்லை; மென்பொருளிடமும் நிருவாகியிடமும் சேர்ந்தது.

அணுகலின் விலை

1987இல் டாண்டம் நிறுவனத்தைச் சேர்ந்த ஜிம் கிரேயும் பிராங்கோ புட்சோலுவும் அணுகலுக்கே விலை கண்டனர். நொடிக்கு ஓர் அணுகல் என்னும் திறன், செயலிச் செலவும் உட்பட, அன்று சுமார் 2,000 டாலர். ஒரு கிலோபைட் நினைவகம் 5 டாலர். ஒரு கிலோபைட் அளவுள்ள பதிவு 400 நொடிக்கு ஒருமுறை தேவைப்படுமாயின், அது 2,000 டாலரில் 400இல் ஒரு பங்கை, அதாவது 5 டாலரை விழுங்குகிறது. அதற்கும் குறைந்த இடைவெளியில் தேவைப்படுவதை நினைவகத்திலேயே வைத்திருப்பது மலிவு. ‘ஐந்து நிமிட விதி’ என அறியப்பட்ட இக்கணக்கில் வட்டின் கொள்ளளவுக்கு இடமே இல்லை என்பது கருதத்தக்கது.

அடுத்த ஆண்டு பெர்க்லியின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகியோர் ரெய்டு என்னும் வட்டணி முறையை ஐந்து நிலைகளாக வகுத்தனர். பெரிய வட்டு ஒன்றுக்கு மாற்றாக மலிவான சிறு வட்டுகள் பலவற்றை இணைப்பதே அவர்கள் கருத்து. வட்டு பழுதானால் தரவை மீட்க, முதல் நிலை ஒவ்வொரு தரவுக்கும் இரட்டைப்படி வைத்தது. ஐந்தாம் நிலை பாரிட்டி என்னும் சரிபார்ப்புத் தகவலை எல்லா வட்டுகளிலும் பரப்பியது. ஐந்தாம் நிலையில் ஒரு சிறு திருத்தத்துக்கு நான்கு அணுகல்கள் வேண்டும்: பழைய தரவையும் பழைய பாரிட்டியையும் படித்து, புதியன இரண்டையும் எழுத வேண்டும். இரட்டைப்படிக்கு இரண்டே போதும்.

மேற்கூறிய 180 அணுகல் வட்டுகள் எட்டைக் கொண்டு இதன் விளைவைக் கணக்கிடலாம். ஐந்தாம் நிலையில் ஏழு வட்டுகளின் இடம் கிடைக்கும்; நொடிக்கு 360 சிறு திருத்தங்கள் இயலும். இரட்டைப்படியில் நான்கு வட்டுகளின் இடமே கிடைக்கும், திருத்தங்களோ 720. கொள்முதல் பட்டியலில் தெரிவது ஏழும் நான்கும். மற்ற இரண்டு எண்களும் தரவுத்தளம் இயங்கத் தொடங்கிய பின்னரே தெரியவரும். மின்கலக் காப்புள்ள இடைநினைவகம் இவ்வேறுபாட்டைச் சிறிது நேரம் மறைக்கும். அது நிரம்பியதும் வேகம் மீண்டும் கையின் அளவுக்கே இறங்கும். ரெய்டு மீதான பிற்காலக் கண்டனம் ஓரளவு நியாயமற்றது. 1988ஆம் ஆண்டுக் கட்டுரை பெரிய அணுகலையும் சிறிய அணுகலையும் பிரித்தே கணக்கிட்டுக் காட்டியிருந்தது. கொள்ளளவு என்னும் ஒற்றை அளவையால் அதைப் படித்தவர்கள் வாங்கியோரே.

எதிர்வினைகள்

1990இல் பிரிஸ்பேன் மாநாட்டில் கிரே, ஹார்ஸ்ட், வாக்கர் ஆகியோர் வேறொரு சிக்கலைச் சுட்டினர். தரவைத் துண்டாக்கி எல்லா வட்டுகளிலும் பரப்பினால் ஒரே வேண்டுகை பல கைகளை ஒருங்கே பிடித்துக்கொள்ளும். பரிவர்த்தனைகள் மிகுந்த இடத்தில் ஏனையவை காத்திருக்க நேரும். ஆதலின் பாரிட்டியை மட்டும் பரப்பி, தரவை ஒவ்வொரு வட்டிலும் தொடர்ச்சியாக வைக்கலாம் என்றனர்.

நிருவாகிகளிடம் அதுவரை நிலவிய வழக்கம் பிரித்து வைத்தல். மாற்றங்களை வரிசையாகப் பதியும் குறிப்பேட்டுக் கோப்புக்குத் தனி வட்டு ஒதுக்கினால் கை அங்குமிங்கும் அலையாது. அட்டவணைக்கும் அதன் சுட்டிக்கும் வெவ்வேறு வட்டுகள். 2000ஆம் ஆண்டையொட்டி ஆரக்கிள் நிறுவனத்தின் யுவான் லோயசா இதை மறுத்தார். சுமை எங்கே கூடும் என்பதை முன்னறிய முடியாத நிலையில் அனைத்தையும் அனைத்து வட்டுகளிலும் பரப்பி, இரட்டைப்படியும் வைக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஒரு மெகாபைட் அளவிலான துண்டுகளை அவர் பரிந்துரைத்தார். அவ்வளவு தரவை ஒருசேரப் படிக்கும்போது கை நகரும் நேரம் பொருட்டாவதில்லை. அடிக்கடி தேவைப்படும் தரவை வட்டின் வெளிப்பாதியில் வைக்குமாறும் அவர் கூறினார். எஞ்சிய பாதியில் அரிதாக வேண்டப்படுவனவே இடம்பெற்றன. சில இடங்களில் அது வெறுமையாகவே விடப்பட்டது. கொள்ளளவை வீணாக்கிக் கையை வாங்கினர் எனலாம்.

2007இல் கோட்ஸ் கிரேஃபே ஐந்து நிமிட விதியைப் பிளாஷ் நினைவகத்துக்கு ஏற்பத் திருத்திக் கணக்கிட்டார். பிளாஷில் நகரும் கை இல்லை. ஆனால் ஐந்தாம் நிலையில் அமைத்தால் ஒரு சிறு திருத்தத்துக்கு அங்கும் நான்கு செயல்களே. எழுதும் ஒவ்வொரு முறையும் தேயும் ஊடகம் என்பதால் அவற்றுள் எழுதுதல் இரண்டும் அதன் ஆயுளைக் குறைப்பவை.