மாமா போட்ட லாரிக் கணக்கு

நாக்பூர் வார்தா ரோட்டில் டீ குடிக்க நின்றால் என் கண் முதலில் போவது லாரிகளின் நம்பர் பிளேட்டுக்குத்தான். டி.என். 28 என்றால் நாமக்கல், 34 திருச்செங்கோடு, 52 சங்ககிரி. பழைய என்.எச். 7 ஆச்சே (இப்போ 44), இதே ரோடுதான் எங்க ஊர் வழியா கன்னியாகுமரி போகிறது.

போன வாரம் அப்படி ஒரு டி.என். 28ல் வந்து இறங்கினான் மாமா பையன். சேலத்து ஜவ்வரிசி லோடு. (இங்கே விரத நாளில் மராட்டிக்காரர்கள் சாப்பிடும் சாபுதானா கிச்சடி பெரும்பாலும் நம்ம பக்கத்துச் சரக்குதான்!) டீ குடித்து முடிச்சதும் விஷயத்துக்கு வந்தான். "ரெண்டாவது வண்டி எடுக்கலாம்னு இருக்கேனுங் மச்சான். ஜாமீன் கையெழுத்து நீங்கதான் போடோணும்."

எனக்கு மாமா ஞாபகம் வந்துவிட்டது.

மாமா கிளீனராகப் போய் டிரைவரானவர். அவர் காலத்தில் வண்டியைவிட பர்மிட்டுக்குத்தான் மதிப்பு. 1939ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம் பர்மிட்டை எண்ணி எண்ணித்தான் கொடுத்தது. பக்கத்து மாநிலத்துக்குப் போகணும்னா அங்கேயும் ஒப்புதல் வாங்கணும். பர்மிட் வைத்திருந்தவருக்குப் போட்டி குறைவு, வாடகை நிலைத்தது. 1975ல் நேஷனல் பர்மிட் வந்ததும் நாமக்கல் வண்டிகளுக்கு வடக்கே வழி திறந்தது. மழை ஏமாற்றும் பூமி எங்களுடையது. கிணறு வற்றினவர்கள் லாரிப் பக்கம் திரும்பினதில் ஆச்சரியமில்லை.

பணம்? பேங்க் வாசலில் டிரைவருக்கு என்ன மரியாதை இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஹயர் பர்ச்சேஸ் கம்பெனிகள்தான் கை கொடுத்தன. சென்னையில் 1954ல் தொடங்கின சுந்தரம் ஃபைனான்ஸ் அதில் முன்னோடி. 1979ல் வந்த ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் பழைய லாரிக்குக் கடன் கொடுத்தே வளர்ந்தது. அதாவது, புது சேஸ் வாங்க வழியில்லாத மாமா மாதிரி ஆட்களை நம்பி.

மாமா 1981ல் ஒரு பழைய வண்டி எடுத்தார். பத்து வருஷம் தானே ஓட்டினார். டியூ கட்டி, வீடு கட்டி, என் காலேஜ் ஃபீஸையும் கட்டினார். நான் இங்கே ஏ.சி. ரூமில் உட்கார்ந்திருப்பது அந்த ஸ்டியரிங் தயவில்தான். "வண்டி எங்க கண்ணு சம்பாதிக்குது? டிரைவர் சம்பளம் வெளிய போகாம வீட்டுக்கு வருது, அவ்வளவுதான்" என்பார். அப்போது எனக்குப் புரியவில்லை.

அவருக்கே அது மறந்துபோன வருஷம் ஒன்று உண்டு. 1988 சட்டம் 1989 ஜூலையில் அமலுக்கு வந்து, பர்மிட் கேட்டவருக்கெல்லாம் கிடைக்க ஆரம்பித்தது. ஊரே வண்டி எடுத்தது, மாமாவும் ரெண்டாவது எடுத்து ஆள் போட்டார். லோடு அதே அளவு, நிற்கிற வண்டியோ ரெட்டிப்பு. வாடகையைப் புக்கிங் ஆபீஸ்காரர் சொல்ல, இவர் தலையாட்டினார். டிரைவர் சம்பளம், பேட்டா, டயர், எஃப்.சி. செலவு... மூணாவது வருஷம் ஃபைனான்ஸ்காரர் வண்டியை சீஸ் பண்ணிவிட்டார். அத்தை நகையும் கூடவே போனது.

இப்போதைய கணக்கைப் பையனோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். நாமக்கல்லிலிருந்து இங்கே சுமார் 1,300 கி.மீ. பத்து டயர் வண்டி லோடோடு லிட்டருக்கு நாலு கி.மீ. கொடுத்தால் 325 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலே 29,250 ரூபாய். டோல் தனி. திரும்பிப் போக லோடு கிடைக்காவிட்டால், காலி வண்டி கொஞ்சம் குறைவாகக் குடித்தாலும், வந்த வாடகையில் மிஞ்சினதெல்லாம் ரோட்டிலேயே போய்விடும். ஆரஞ்சு சீசனில் நாக்பூரில் கவலையில்லை. மற்ற மாதங்களில் ரெண்டு நாள், மூணு நாள் காத்துக் கிடக்க வேண்டியதுதான். டியூ காத்திருக்காது.

நல்லதும் நடந்திருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். 2010ல் நேஷனல் பர்மிட்டுக்கு மாநிலவாரியாகக் கட்டுவது போய் ஒரே கட்டணம் வந்தது. 2017ல் ஜி.எஸ்.டி. வந்ததும் விற்பனைவரி செக்போஸ்ட்கள் எடுபட்டன. ஆனால் 2018ல் பத்து டயர் வண்டியின் மொத்த எடையை 25 டன்னிலிருந்து 28.5 ஆக்கினார்களே, அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டவர்களில் இவனும் ஒருத்தன். எல்லா வண்டியும் கூடுதலாக ஏற்றினால் அதே சரக்குக்குக் கொஞ்சம் வண்டி போதும் என்பது வாடகை இறங்கின பிறகுதான் உறைத்தது.

"அந்த ரெண்டாவது வண்டியை யாருப்பா ஓட்டறது?" என்று கேட்டேன்.

"ஆளு பாக்கோணுமுங்."

மூணு நாள் காத்திருந்து, நேற்று ராத்திரி ஹைதராபாத் வரைக்கும் ஒரு அரை லோடு கிடைத்தது. "அங்க போயி பாத்துக்கலாமுங் மச்சான்" என்று கிளம்பிவிட்டான். ஜாமீன் பேப்பர் என் மேஜை மேல் இருக்கிறது. நாளைக்கு அத்தைக்குப் போன் பண்ணிப் பேச வேண்டும்.