தமிழ்நாட்டில் மற்போர்

மற்போர் அல்லது மல்யுத்தம் என்பது படைக்கலம் ஏதுமின்றி இருவர் ஒருவரையொருவர் பிடித்து வீழ்த்த முயலும் விளையாட்டு ஆகும். தமிழ்நாட்டில் இது குஸ்தி என்றே பரவலாக அறியப்படுகிறது.

சொற்கள்

மல் என்பதற்கு வலிமை என்று பொருள். குஸ்தி, பயில்வான் ஆகியவை பாரசீகத்திலிருந்து வந்தவை. பயில்வான் என்பது பயிலுதல் என்னும் வினையோடு ஒலியால் ஒத்திருப்பினும் அதனின்று பிறந்ததன்று. போட்டி நடைபெறும் மண்களம் கோதா எனப்படும். தேர்தல் செய்திகளில் "கோதாவில் இறங்கினார்" என்று எழுதுவோர் பலர் அக்களத்தைக் கண்டிருக்கமாட்டார்கள்.

வரலாறு

புறநானூற்றின் 80 முதல் 85 வரையிலான பாடல்கள் சோழ இளவரசன் போரவைக்கோப் பெருநற்கிள்ளியைப் பற்றியவை. இவன் உறையூர்த் தித்தனின் மகன், தந்தையோடு பகைகொண்டிருந்தவன். முக்காவல் நாட்டு ஆமூரில் மல்லன் ஒருவனை இவன் வீழ்த்தியதைச் சாத்தந்தையார் பாடியுள்ளார். ஒரு காலை எதிரியின் மார்பில் ஊன்றி, மறுகாலால் அவனது சூழ்ச்சியைத் தடுத்த நிலையை நேரில் கண்டவர் போல அவர் விவரிக்கிறார். இக்காட்சியைத் தந்தை காணவேண்டும் என்பதே புலவரின் விருப்பம். 83 முதல் 85 வரையிலான பாடல்கள் இவன்மீது காதல்கொண்ட நக்கண்ணையார் பாடியவை.

ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்னும் பட்டம் பூண்டவன். மாமல்லபுரம் அப்பட்டத்தால் பெற்ற பெயர்.

மண்ணும் மெத்தையும்

மரபுவழிக் குஸ்தி எண்ணெய், மோர், மஞ்சள் முதலியன கலந்து பதப்படுத்திய மண்ணில் நடைபெறுவது. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை சுழற்றுதல் ஆகியவை இதற்கான பயிற்சிகள். ஒலிம்பிக் மற்போரோ மெத்தையில் நிகழ்வது. கட்டற்ற முறை, கிரேக்க-உரோமானிய முறை என இருவகைப்படும். பின்னதில் இடுப்புக்குக் கீழே பிடித்தல் கூடாது. ஆட்டம் மூன்று நிமிடங்கள் கொண்ட இரு பகுதிகளாக நடைபெறும். இரு தோள்களையும் தரையில் படியச் செய்தால் அத்துடன் வெற்றி.

மண்ணில் பழகியவர் மெத்தைக்கு மாறுவது எளிதன்று. 1952 ஆம் ஆண்டு எல்சிங்கியில் வெண்கலம் வென்ற மராட்டியத்தின் கே. டி. ஜாதவ், 1948 இல் இலண்டனில் இம்மாற்றத்தோடு போராடி ஆறாமிடமே பெற்றார். அவருக்குப்பின் 2008 முதல் 2024 வரை மற்போரில் பதக்கம் வென்ற இந்தியர் அனைவரும் அரியானா, தில்லி வட்டாரத்தினர். அங்கு ஊர்தோறும் அகாடாக்கள் உள்ளன. ஒலிம்பிக் மற்போரில் தமிழ்நாட்டவர் எவரும் 2024 வரை பதக்கம் வென்றதில்லை.

தொழின்முறை மற்போர்

தொழின்முறை மற்போரில் முடிவு பெரும்பாலும் முன்னரே வகுக்கப்பட்டிருக்கும். எனினும் வீழ்ச்சியும் காயமும் பொய்யல்ல. தாரா சிங், அங்கேரியில் பிறந்த கிங்காங் ஆகியோர் 1950களில் இந்தியாவெங்கும் புகழ்பெற்றனர். தமிழ்ப் பேச்சில் "பெரிய தாராசிங்" என்பது இன்றும் கேலிமொழியாக வழங்குகிறது. கிங்காங் 1970 இல் சிங்கப்பூரில் இறந்தார். 1990களில் தொலைக்காட்சி வழியே அமெரிக்க மற்போர் வந்தது. வீரர்களின் எடை, உயரம் அச்சிட்ட சீட்டுகளைச் சிறுவர் பள்ளிகளில் ஆடினர்.

திரைப்படத்தில்

2022 இல் வெளியான கட்டா குஸ்தி, தான் மற்போர் வீராங்கனை என்பதை மறைத்துத் திருமணம் செய்துவைக்கப்படும் பெண்ணின் கதையாகும். செல்லா அய்யாவு இயக்கிய இப்படத்தில் அவ்வேடத்தை ஐஸ்வர்யா லட்சுமி ஏற்றார். நகைச்சுவைப் படமெனினும், களத்தில் இறங்கும் பெண்ணுக்கு வீட்டில் எழும் தடையை இது நேராகவே பேசுகிறது.