சதுப்பு நிலத்தில் சர்வர் வைத்த கதை

சென்னையின் தென் புறநகரான பள்ளிக்கரணையில் யாரும் கிளவுட் என்று பேசத் தொடங்குவதற்கு முன்பே, நடுக்கடலிலிருந்து தகவல் வந்து சேரும் கட்டடம் ஒன்று இங்கே இருந்தது. வேளச்சேரி – தாம்பரம் சாலையில் போகிறவர்கள் அதன் மதிலைத் தினமும் பார்க்கிறார்கள். 1993இல் தொடங்கப்பட்டு, பிறகு இங்கே வளாகம் அமைத்துக்கொண்ட தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் அது. ஊர்க்காரர்களுக்கு என்.ஐ.ஓ.டி. 1996இல் ஆரம்பித்த மிதவைத் திட்டத்தின்படி வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் நங்கூரம் போட்டு நிறுத்திய மிதவைகள் காற்று, அலை, நீரின் வெப்பம், காற்றழுத்தம் எல்லாவற்றையும் அளந்து செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு அனுப்பும்.

2004 சுனாமிக்குப் பிறகு ஆழ்கடல் தரையில் அழுத்தமானி ஒன்றையும் இறக்கினார்கள். அது நீரின் எடையைக் கவனித்துக்கொண்டே இருக்கும். கடல் அமைதியாக இருக்கும் நாளில் நிதானமாகச் செய்தி சொல்லும். மட்டம் விபரீதமாக அசைந்தால், யாரையும் கேட்காமல் தானே முடிவெடுத்து அடிக்கடி சொல்லத் தொடங்கும். தரையிலிருந்து மேலே மிதவைக்கு ஒலி அலை, மிதவையிலிருந்து செயற்கைக்கோள், அங்கிருந்து கரை. தகவல் பள்ளிக்கரணைக்கும் வரும், ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் கடல் தகவல் நிறுவனத்துக்கும் போகும். 2007 அக்டோபரில் அங்கே தொடங்கிய மையம்தான் சுனாமி எச்சரிக்கை விடுகிறது.

இதை யாரும் கிளவுட் என்று சொல்வதில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் ஹைப்ரிட் கிளவுட் என்றால் என்ன என்று கேட்டு வரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த மிதவையைத்தான். எந்த வேலையைச் சம்பவ இடத்திலேயே முடிக்க வேண்டும், எதைத் தூரத்துக்கு அனுப்பலாம், நடுவில் இருக்கும் பாதை அறுந்தால் என்ன ஆகும்: மூன்று கேள்விகளுக்கும் மிதவை செய்தவர்கள் விடை வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் தொழிலில் நாங்கள் அந்த விடைகளுக்கு வந்து சேர இருபது வருடம் பிடித்தது.

வேளச்சேரி, மேடவாக்கம், பள்ளிக்கரணை சுற்று வட்டாரத்தில் ஆடிட்டர் அலுவலகம், கிளினிக், பள்ளிக்கூடம், சீட்டு கம்பெனி, டைல்ஸ் கடை இவற்றுக்குக் கம்ப்யூட்டர் பராமரிப்பது என் தொழில். வருடாந்திர ஒப்பந்தம், எங்கள் பாஷையில் ஏ.எம்.சி. நான் தொழிலுக்கு வந்தபோது சர்வர் என்பது தரைத்தளத்தில் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் ஒரு பெட்டி. யுபிஎஸ் பேட்டரிகள் கனமானவை, மாடிக்குத் தூக்க யாரும் விரும்பவில்லை. தரைத்தளம் குளுமையாகவும் இருக்கும். பேக்கப் டேப்பில் எடுப்போம். பிறகு யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் வந்தது. முதலாளி அதைக் கைப்பையில் போட்டு இரவு வீட்டுக்கு எடுத்துப் போவார். பெரிய கம்பெனிகள் டி.ஆர். என்று சொல்லும் பேரிடர் ஏற்பாட்டின் முதல் வடிவம் எங்களுக்கு அந்தக் கைப்பை. அதை நான் இன்றும் மதிக்கிறேன். தகவலின் ஒரு பிரதி வேறு கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்ற அடிப்படை அதிலேயே இருந்தது.

கணினியைச் சொந்தமாக வாங்காமல் பகிர்ந்து பயன்படுத்துவது இந்தப் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. எங்களிடமிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் ஐஐடி மெட்ராஸுக்கு 1973இல் மேற்கு ஜெர்மனி உதவியில் ஐபிஎம் 370/155 வந்தது. ஒரு பெரிய இயந்திரம், அதன் நேரத்தைப் பலர் பங்கிட்டுக்கொள்வார்கள். கணிப்புத் திறனை மின்சாரம் போல, தொலைபேசி போல ஒரு பொதுச் சேவையாக விற்கலாம் என்று அமெரிக்காவில் ஜான் மெக்கார்த்தி 1961லேயே பேசியிருந்தார். நடுவில் பெர்சனல் கம்ப்யூட்டர் வந்து எல்லாரும் ஆளுக்கொரு பெட்டி வாங்கிவிட்டோம். 2006இல் அமேசான், சேமிப்பிடத்தையும் இயந்திரத்தையும் வாடகைக்கு விடும் எஸ்3, இசி2 என்ற கிளவுட் சேவைகளைத் தொடங்கியபோது பழைய பங்கீடு திரும்பி வந்தது. இந்த முறை இயந்திரம் எந்த ஊரில் இருக்கிறது என்றே பயனருக்குத் தெரியாது.

என் வாடிக்கையாளர்கள் அதை லேசில் ஏற்கவில்லை. மேடவாக்கத்தில் ஒரு சீட்டு கம்பெனி முதலாளி கேட்டார்: “தம்பி, நம்ம கணக்கு அடுத்தவன் வீட்டுல எதுக்கு இருக்கணும்?” படிக்காதவர் கேட்ட கேள்வி என்று அப்போது என்னுடன் இருந்த விற்பனைப் பையன் சிரித்தான். அது மிகச் சரியான கேள்வி. 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, பணப் பரிமாற்றத் தகவல்களை இந்தியாவுக்குள்ளேயே சேமிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இரண்டும் அந்த முதலாளியின் கேள்வியை அரசாங்க நடையில் கேட்டவைதான்.

இன்னொரு தடை, இன்டர்நெட் லைன். அன்றைய பிராட்பேண்டில் ஒரு எக்ஸ்ரே படத்தை வெளியே ஏற்றுவதற்குள் நோயாளி மருந்து வாங்கி வீட்டுக்கே போய்விடுவார். மின்வெட்டும் சேர்ந்துகொண்டது. 2012இல் சென்னைக்கு அறிவிக்கப்பட்ட வெட்டு தினம் இரண்டு மணி நேரம், சென்னைக்கு வெளியே அதைவிட அதிகம். கரண்ட் போனால் உள்ளே சர்வரை யுபிஎஸ் தாங்கும். தெருமுனையில் இருக்கும் லைன்காரர் பெட்டியை யார் தாங்குவது?

அந்தச் சமயத்தில் வெளிநாட்டில் இதற்கு இலக்கணம் எழுதிவிட்டார்கள். அமெரிக்காவின் நிஸ்ட் என்னும் தரநிலை அமைப்பு 2011 செப்டம்பரில் சில பக்கங்களில் ஒரு வரையறை வெளியிட்டது. பிரைவேட், கம்யூனிட்டி, பப்ளிக், ஹைப்ரிட் என்று நான்கு வகை. இவற்றில் இரண்டோ அதற்கு மேலோ தனித்தனியாகவே இருந்துகொண்டு, தகவலும் செயலியும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகரும்படி பிணைக்கப்பட்டிருந்தால் அது ஹைப்ரிட். பிணைப்பு என்பதுதான் அதில் உயிர். உள்ளே ஒரு சர்வர், வெளியே ஒரு மெயில் கணக்கு என்று வைத்துக்கொண்டு ஹைப்ரிட் என்று பில் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது இரண்டு தனிச் செலவு, அவ்வளவுதான்.

பள்ளிக்கரணை வீட்டுக்காரர்களுக்கு இதைப் புரியவைக்கத் தண்ணீரை எடுத்துக்கொள்வேன். வீட்டு போர்வெல்லில் ஒரு தண்ணீர், மெட்ரோ வாட்டர் குழாயில் ஒன்று, பற்றாக்குறை மாதத்தில் லாரியில் ஒன்று. மூன்றும் ஒரே சம்ப்பில், அதாவது நிலத்தடித் தொட்டியில் விழுந்து ஒரே மோட்டாரில் ஏறுகிறது. குழாயைத் திறக்கும் பாட்டிக்கு எந்தத் தண்ணீர் என்று தெரிய வேண்டியதில்லை. சம்ப் இல்லாத வீட்டில் லாரி வந்து நின்றும் பயனில்லை.

இந்தியாவுக்குள் வாடகை இயந்திரம் கிடைக்கும் காலமும் வந்தது. 2014 பிப்ரவரியில் மத்திய அரசின் மேகராஜ் திட்டத்தில் தேசிய தகவலியல் மையமான என்ஐசியின் தேசிய கிளவுட் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் 2015 செப்டம்பர் கடைசியில் புணே, மும்பை, சென்னை மூன்று இடங்களில் தன் அஸூர் கிளவுட் மையங்களைத் திறந்தது. அந்தச் செய்தியைக் காட்டி நான் வாடிக்கையாளர்களிடம் பேசிக்கொண்டிருந்தபோதுதான் டிசம்பர் 1 வந்தது.

ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. தென் புறநகரின் பல ஏரிகளுக்கு வடிகால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய், பிறகு கோவளம் முகத்துவாரம். அந்தச் சதுப்பைக் குப்பைமேட்டாலும் சாலையாலும் கட்டடங்களாலும் குறுக்கிவிட்டிருந்தோம். இன்று எஞ்சியதில் 1,247 ஹெக்டேர் 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்தது, படிக்கட்டுக்கு அடியில் இருந்த பெட்டிகள் எல்லாம் மூழ்கின.

ஒரு பள்ளிக்கூடத்தின் கட்டணக் கணக்கு சர்வரோடு போயிற்று. தாளாளர் வீட்டுக் கைப்பை டிஸ்க்கில் இருந்தவரை மீட்டோம். எல்லாவற்றையும் வெளியே மாற்றியிருந்த ஆடிட்டர் ஒருவரின் தகவல் பத்திரமாக இருந்தது. ஆனால் லைன் இல்லை, டீசல் தீர்ந்து செல்போன் கோபுரங்களும் நின்றுவிட்டன. அவர் திருச்சியில் மைத்துனர் வீட்டுக்குப் போய் அங்கிருந்து வேலை பார்த்தார். மறுநாள், டிசம்பர் 2 அன்று, ஆட்கள் மறைமலைநகர் அச்சகத்துக்குப் போய்ச்சேர முடியாததால் ‘தி இந்து’ நாளிதழே அச்சாகவில்லை. 1878இல் தொடங்கிய இதழுக்கு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. பாதை அறுந்தால் எவ்வளவு பெரிய நிறுவனத்தின் வேலையும் நின்றுவிடும்.

கிளினிக் ஒன்று மட்டும் தப்பித்தது. அந்த டாக்டரம்மா இடப் பற்றாக்குறையால் சர்வரை முதல் மாடி மருந்து அறைக்கு மாற்றச் சொல்லியிருந்தார். உள்ளே இருந்த அந்த இயந்திரத்தின் நகல் ஒன்று இரவுதோறும் வெளியூர் மையத்துக்குப் போகும். வெள்ளத்தன்று லைன் போனது, ஜென்செட் ஓடியது. படகில் வந்தவர்களுக்கு உள்ளூர் சர்வரில் சீட்டுப் போட்டு, பழைய சிகிச்சை விவரம் பார்த்து மருந்து கொடுத்தார்கள். லைன் திரும்பிய அன்று சேர்ந்திருந்த பதிவுகள் தானாக வெளியே ஏறின. உள்ளே இருப்பதும் வேண்டும், வெளியே இருப்பதும் வேண்டும், இரண்டையும் கட்டும் ஏற்பாடும் வேண்டும். அந்த வாரத்துக்குப் பிறகு இதை எங்கள் வட்டாரத்தில் யாருக்கும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

என்ன வேண்டும் என்பதற்கான பட்டியல் அதன் பிறகுதான் சரியாக உருவானது, அதையும் ஒவ்வொரு இடராக வந்து திருத்தியது. இரண்டு லைன் வேண்டும் என்று 2015 சொன்னது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் மரங்களைச் சாய்த்தபோது, இரண்டு கம்பெனி லைனும் ஒரே கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. இன்று நான் இரண்டாவது லைன் எந்தத் தெரு வழியாக வருகிறது என்று நடந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடச் சொல்கிறேன். 2019 கோடையில் தண்ணீர் இல்லாமல் ஓஎம்ஆர் எனப்படும் பழைய மகாபலிபுரம் சாலையின் நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னபோது, யார் எங்கிருந்து நுழைகிறார்கள் என்ற பிரச்சினை வந்தது. உள்ளே ஒரு பாஸ்வேர்டு, வெளியே ஒரு பாஸ்வேர்டு என்று இருந்தால் வேலையை விட்டுப் போனவரின் பெயர் ஏதாவது ஒரு பக்கம் தங்கிவிடும். அடையாளம் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். 2020 ஊரடங்கு இதை எல்லாரிடமும் கட்டாயமாக்கியது.

செயலி இடம் மாறக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதில்தான் சிறு நிறுவனங்கள் இன்றும் சறுக்குகின்றன. ஒரு குறிப்பிட்ட பெட்டியோடு லைசென்ஸ் கட்டப்பட்ட பழைய மென்பொருளை வெளியே நகர்த்த முடியாது. எந்தப் பெட்டியிலும் ஓடக்கூடிய விஎம் (மெய்நிகர் இயந்திரம்) ஆக, முடிந்தால் அதைவிட இலகுவான கன்டெய்னர் ஆக முதலில் மாற்ற வேண்டும். பணக் கணக்கும் முக்கியம். வெளியே தகவலை ஏற்றுவதற்குப் பெரும்பாலும் காசு கேட்க மாட்டார்கள், திரும்ப இறக்கும்போது ஜிபி கணக்கில் கேட்பார்கள். ஸ்கேன் படங்கள் வைத்திருக்கும் கிளினிக்குக்கு அந்த பில் தாங்காது. அதனால் படங்களை உள்ளே வைத்து, ஒரு பிரதியை மட்டும் வெளியே வைக்கிறோம்.

வெளியே என்றால் எவ்வளவு தூரம் என்பதற்கு நம் அரசாங்கமே நல்ல உதாரணம். தமிழ்நாடு மாநிலத் தரவு மையம் எங்களுக்குப் பக்கத்தில் மாநில அரசு நிறுவனமான எல்காட்டின் பெருங்குடி வளாகத்தில் இருக்கிறது. அதன் பேரிடர் மீட்பு மையத்தைத் திருச்சியில் அமைத்தார்கள், முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், கடலும் சதுப்பும் எட்டாத ஊரில். பள்ளிக்கரணையில் ஒன்று, சிறுசேரியில் ஒன்று வைத்தால் இரண்டும் ஒரே மழையில் நனையும். நகரத்துக்குள்ளேயே இரண்டு இடம் காட்டி விற்பவர்களிடம் இதைத்தான் கேட்க வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணை மறுபடி நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்தது. கிளினிக்கில் இரண்டாவது லைன் தாங்கியது. ஆனால் பள்ளிக்கூடத்தில் புதிதாகப் போட்டிருந்த ஏற்பாட்டில் நகல் தினமும் போய்க்கொண்டிருந்தும், அதைத் திறக்கும் என்கிரிப்ஷன் சாவி மூழ்கிய பெட்டியிலேயே இருந்தது. பள்ளியின் தலைமை அலுவலகத்தில் சாவியின் பழைய பிரதி ஒன்று கிடைக்கும்வரை மூன்று நாள் காத்திருந்தார்கள்.

அதனால் வடகிழக்குப் பருவமழைக்கு முன், அக்டோபரில், ஒவ்வொரு வாடிக்கையாளர் இடத்திலும் முக்கிய லைனைக் கையால் பிடுங்கி, உள்ளே இருக்கும் சர்வரையும் நிறுத்திவிட்டு, வெளியே இருக்கும் பிரதியிலிருந்து ஒரு பழைய ரசீதை எடுத்துக் காட்டச் சொல்கிறேன். எடுப்பது நான் அல்ல, அங்கே வேலை பார்க்கும் பெண்ணோ பையனோ எடுக்க வேண்டும். வெள்ளம் வரும்போது நான் மேடவாக்கத்தில் மாட்டிக்கொண்டிருப்பேன். “வேலை நேரத்துல எதுக்கு சார் இந்தச் சோதனை?” என்று கேட்பார்கள். ரசீது திரையில் வந்த பிறகுதான் லைனைத் திரும்பச் செருகுவேன். சாவியின் ஒரு பிரதியை உறையில் போட்டு, மாடியில் குடியிருக்கும் யாரிடமாவது கொடுத்து வைக்கிறோம்.